மாடி ஏறும்போது: இல்லை

உறுப்பினர்: அக்ஷயா ஆ. பால்: பெண். வயது: இருபத்து நான்கு. எடை: நாற்பத்தெட்டு கிலோ. வேலையின் தன்மை: உட்கார்ந்த நிலை. புகை: இல்லை. மது: இல்லை. கர்ப்பம்: கேட்டுச் சொல்வதாகத் தெரிவித்துள்ளார். முக்கியக் குறை: ஐந்து வாரமாக நெஞ்செரிச்சல், புளித்த ஏப்பம். மாடி ஏறும்போது எரிச்சல்: இல்லை.

இந்தச் சீட்டுக்கு உரிய நோயாளிக்கு மீசை இருந்தது. எடை எழுபத்தொன்பது கிலோ. அதில் நியாயமான பங்கு வயிற்றைச் சேர்ந்தது. வயது ஐம்பத்தாறு. புகையை விட்டுப் பதினொரு வருஷம் ஆகியிருந்ததால் அந்த ஒரு விவரத்தை மட்டும் உண்மைக்குப் பக்கத்தில் வைக்கலாம். உட்கார்ந்த வேலை என்பதைப் பற்றித் திருச்சானூரில் அவர் வேலை பார்த்த லாட்ஜின் அறுபத்தெட்டுப் படிகளைத்தான் கேட்க வேண்டும்.

பெயர் ஆதிகேசவன். ஊர் புத்தூர். கை கால் உடைந்தவர்கள் எங்கெங்கிருந்தோ வந்து பச்சிலைக் கட்டுப் போட்டுக்கொண்டு போகிற ஊர் அது. எலும்புக்கு இருக்கிற இந்த வசதி நெஞ்சுக்கு இல்லையே என்று அந்த ஐந்து வாரத்தில் அவர் பல தடவை நினைத்திருக்கிறார். தினமும் காலையில் பாசஞ்சர் ரயிலைப் பிடித்து, ரேணிகுண்டா தாண்டித் திருப்பதியில் இறங்கி, ஷேர் ஆட்டோவில் திருச்சானூர் போய்ச் சேர்வார். பத்தொன்பது வருஷமாக நாலு மாடி லாட்ஜின் மேற்பார்வையாளர். முதலாளி அவரைத் தெலுங்கில் சூப்பர்வைசர்காரு என்பார். வேலைக்காரர்கள் தமிழில் மேஸ்திரி என்பார்கள். வேலை இரண்டிலும் ஒன்றுதான்: விருந்தினர் காலி செய்த அறைக்குப் போய், துண்டு எத்தனை குறைகிறது என்று பார்ப்பது.

லாட்ஜில் லிஃப்ட் இருந்தது. ‘லிஃப்ட் விருந்தினருக்கு மட்டும். பணியாளர்கள் கண்டிப்பாகப் படிகளைப் பயன்படுத்தவும்’ என்று தமிழிலும் தெலுங்கிலும் எழுதிய பலகையும் இருந்தது. அதை எழுதி மாட்டியவர் ஆதிகேசவன். முதலாளி கேட்டுக்கொண்டதற்கு மேல் ஒருபடி போய், ‘கண்டிப்பாக’ என்ற சொல்லை அவரே சேர்த்திருந்தார்.

மகளின் பெயரில் அவர் எப்படி நோயாளியானார் என்பதற்கு ஒரு போன் நம்பரின் கதையைச் சொல்லியாக வேண்டும்.

அந்த வீட்டில் முதன்முதலில் செல்போன் வாங்கியவர் அவர். அப்போதிலிருந்து எந்த விண்ணப்பத்தில் எந்தக் கட்டம் காலியாக இருந்தாலும் அவருடைய நம்பர்தான் போய் உட்காரும். ரேஷன், ஆதார், கேஸ் சிலிண்டர், மனைவி கிருஷ்ணம்மாவின் வங்கிக் கணக்கு, நகரியில் இருந்த அண்ணன் ஏழுமலையின் மின் இணைப்பு, அண்ணி பொன்னியம்மாவின் கண் ஆபரேஷன், எல்லாவற்றுக்கும் ஒரே நம்பர். சித்தூர் மாவட்டத்தைப் பிரித்தபோது அண்ணன் வீடு அதிலேயே தங்கிவிட்டது, தம்பி வீடு திருப்பதி மாவட்டத்துக்குப் போய்விட்டது; ஓடிபி மட்டும் பிரியாமல் ஒரே போனுக்கு வந்துகொண்டிருந்தது. குடும்பத்தில் யார் என்ன செய்தாலும் முதலில் தெரிவது ஆதிகேசவனுக்குத்தான். ஆறு இலக்கத்தில் தெரியும். “நம்ம வீட்டுக் குலதெய்வமே உங்க நம்பர்தான். தெனம் நாலு பேரு வந்து கேட்டுகினே கீறாங்க” என்பாள் கிருஷ்ணம்மா.

மகள் அக்ஷயாவுக்கு ஸ்ரீசிட்டியில் ஒரு எலெக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் வேலை கிடைத்தது. சேர்ந்த அன்று நம்பர் கேட்டார்கள். பள்ளிக்கூடத்திலிருந்து பழகிய கை தன்பாட்டுக்கு அப்பாவின் நம்பரை எழுதிவிட்டது. பிறகு கம்பெனி தன் பணியாளர்களுக்கு ஒரு மருத்துவச் செயலியை ஏற்பாடு செய்தது. வீட்டிலிருந்தபடியே டாக்டரிடம் பேசலாம், இலவசம், பணியாளருக்கு மட்டும். இந்த அழைப்பும் ஆதிகேசவனின் போனுக்கே வந்து, படிக்காமல் கிடந்தது.

சித்திரை முடிகிற சமயம் அவருக்கு எரிச்சல் தொடங்கியது.

முதலில் டீ குடித்தால் எரிந்தது. அப்புறம் மிளகாய் பஜ்ஜிக்கு எரிந்தது. இதெல்லாம் எல்லோருக்கும் உள்ளதுதான் என்று விட்டிருப்பார். ஆனால் மாடி ஏறும்போதும் எரிந்தது. இரண்டாவது மாடி திரும்பும் இடத்தில் ஒரு ஜன்னல் உண்டு. அங்கே நின்றால் இரண்டு மூன்று நிமிஷத்தில் அடங்கும். ஆகவே அவர் ஜன்னலில் நிற்கப் பழகிக்கொண்டார்.

அதை முதலில் கவனித்தவள் பாப்பாத்தி. வடமாலைப்பேட்டையிலிருந்து வந்து மாடிகளைத் துடைத்துப் பெருக்குகிறவள், வாய்க்குப் பயப்படாதவள்.

“இன்னா மேஸ்திரி, தெனமும் இங்க நின்னுகினு வேடிக்கை பாக்குறீங்க?”

“தண்ணி டேங்க் ரொம்பிச்சான்னு பாக்குறேன்.”

“டேங்க் அந்தாண்ட பக்கம் கீது.”

“தெரியும். அது ரொம்பினா இந்தாண்ட பக்கம் சத்தம் கேக்கும்.”

“நெஞ்சைத் தடவினாத்தான் கேக்குமா?” என்று சொல்லிவிட்டு அவள் பக்கெட்டைத் தூக்கிக்கொண்டு மேலே போனாள். அவளுக்கும் வயது ஐம்பதுக்கு மேல்தான். அவள் ஜன்னலில் நிற்பதில்லை.

ஆதிகேசவனின் பயத்துக்கு ஒரு பெயர் இருந்தது: ஏழுமலை. மூன்று வருஷத்துக்கு முன்னால், நகரியில் ஒரு நிச்சயதார்த்தச் சாப்பாட்டுக்குப் பிறகு, அண்ணன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு எரியுது என்றார். பக்கத்திலிருந்த ஆதிகேசவன் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. “கேஸுண்ணா. வடை ரெண்டு எடுத்துத் துன்ன இல்ல? இரு” என்று எழுந்து போய், கடையில் எலுமிச்சை சோடா வாங்கி, தானே உடைத்துக் கொண்டுவந்து கொடுத்தார். அண்ணன் குடித்தார். பெரிதாக ஏப்பம் விட்டார். அந்தக் குடும்பத்தில் ஏப்பம் என்பது தீர்ப்பு. அது வந்துவிட்டால் வழக்கு முடிந்தது, எல்லோரும் எழுந்து அவரவர் வேலையைப் பார்க்கலாம். அன்றும் அப்படித்தான் எல்லோரும் சிரித்தார்கள், பந்தி பார்க்கப் போனார்கள். ஒரு மணி நேரம் கழித்து ஏழுமலையை ஆட்டோவில் ஏற்றினார்கள். ஆட்டோ ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தது. அவர் போய்ச் சேரவில்லை.

கேஸ் என்று சொன்னது யார் என்று யாரும் பிற்பாடு கேட்கவில்லை. கேட்டிருந்தால் தேவலையாக இருந்திருக்கும்.

எனவே தன் நெஞ்சு எரிந்தபோது அதைக் கேஸ் என்று சொல்லிக்கொள்ளும் உரிமை ஆதிகேசவனுக்கு மிச்சமில்லை. ஏப்பம் வந்தால் நிம்மதி வருவதற்குப் பதிலாக வேர்த்தது. இது நெஞ்சா, வயிறா? இந்த ஒரு கேள்வியை வைத்துக்கொண்டு அவர் ரயிலில் போனார், ரயிலில் வந்தார்.

ஈசிஜி எடுத்துப் பார்த்தால் தெரிந்துவிடும் என்பது அவருக்குத் தெரியும். அதற்காகத் திருப்பதியில் ஒரு லேப் வாசல் வரைக்கும் இரண்டு தடவை போயிருக்கிறார். முதல் தடவை கூட்டமாக இருந்ததென்று திரும்பிவிட்டார். கூட்டம் என்பது ஒரு கிழவர். இரண்டாம் தடவை உள்ளேயே போனார். என்ன டெஸ்ட் என்று கேட்ட பெண்ணிடம் ஈசிஜி என்று சொல்வதற்கு வாயைத் திறந்து, ஷுகர் என்றார். ஷுகர் சரியாக இருந்தது. கேட்காத கேள்விக்குக் கிடைத்த அந்த நல்ல பதிலை வைத்து மூன்று நாள் நிம்மதியாக இருந்தார்.

பிறகு ஒரு செவ்வாய்க்கிழமை, வேறு எதையோ தேடும்போது, அந்தக் கம்பெனி அழைப்பு கண்ணில் பட்டது. டாக்டரிடம் பேசலாம். வீட்டிலிருந்தபடியே. இதில் ஆதிகேசவனுக்குப் பிடித்துப்போன அம்சம் இலவசமல்ல. போனில் பேசும் டாக்டர் நெஞ்சில் வயர் ஒட்ட முடியாது. டாக்டரும் வேண்டும், டாக்டர் எதையும் கண்டுபிடித்துவிடவும் கூடாது. அப்படி ஒரு வைத்திய முறையைத்தான் அவர் ஐந்து வாரமாகத் தேடிக்கொண்டிருந்தார்.

பதினோரு மணி, அறைகள் காலியாகிற நேரம். 304-ஆம் அறையில் நுழைந்து கதவைச் சாத்திக்கொண்டார். கசங்கிய படுக்கையின் ஓரத்தில் உட்கார்ந்து செயலியைத் திறந்தார். ஓடிபி கேட்டது. வந்தது. ஊருக்கெல்லாம் சொல்லிப் பழகிய வாயால் ஆறு இலக்கத்தையும் ஒரு தடவை தனக்கே சொல்லிக்கொண்டு அடித்தார். திரையில் ‘வணக்கம், அக்ஷயா’ என்று வந்தது. பெயரை மாற்ற எங்கே அழுத்துவது என்று தேடினார். ‘குடும்பத்தினரைச் சேர்க்க இயலாது’ என்று சிவப்பில் வந்தது. சரி, பெயரில் என்ன இருக்கிறது, எரிச்சல் எரிச்சல்தானே என்று மேலே போனார்.

கேள்விகள் தமிழில் வந்தன. சாப்பிட்ட பிறகு எரிகிறதா? ஆம். குனியும்போது? ஆம். புளிப்பு மேலே வருகிறதா? ஆம். மாடி ஏறும்போது, வேகமாக நடக்கும்போது எரிகிறதா?

விரல் நின்றது. ஜன்னலுக்கு வெளியே யாரோ துணியை உதறும் சத்தம் கேட்டது. இல்லை என்று அழுத்தினார். பெண் என்பதும் இருபத்து நான்கு வயது என்பதும் கம்ப்யூட்டர் சொன்ன பொய். இது அவர் சொன்னது.

ஐந்து நிமிஷத்தில் போன் அடித்தது.

“வணக்கம், டாக்டர் ஜெயபிரகாஷ் பேசறேன். அக்ஷயாதானே?”

“வணக்கம் சார். நான் அக்ஷயாவோட நைனா பேசறேன்.”

“பேஷன்ட் பக்கத்துல இருக்காங்களா?”

“டூட்டில கீது சார். உள்ள போன் எட்த்துனு போவ வுடமாட்டாங்க. என்னாண்ட எல்லாம் சொல்லிட்டுத்தான் போச்சு.”

“சரி, சொல்லுங்க. எரிச்சல் எந்த இடத்துல?”

ஆதிகேசவன் கையைத் தன் நெஞ்சில் வைத்தார். “இங்க சார்.”

“எங்க?”

“நடுவுல சார். இங்கருந்து கெளம்பி அப்பிடியே தொண்டைக்கு வரும். வந்து கொஞ்சம் நேரம் குந்திக்கும்.”

“ரொம்ப விவரமா சொல்லியிருக்காங்களே.”

“ஒரே பொண்ணு சார்.”

“ஒரு நாளைக்கு டீ காபி எவ்வளவு?”

“எட்டு டீ.”

“இருபத்து நாலு வயசுப் பொண்ணு எட்டு டீ குடிக்கறாங்களா?”

“கம்பெனில ஃப்ரீ சார்.”

டாக்டர் சிரிக்காமல் எழுதிக்கொள்வது கேட்டது. எடை குறைந்திருக்கிறதா, விழுங்கும்போது அடைக்கிறதா, வாந்தியில் ரத்தம் உண்டா என்று வரிசையாகக் கேட்டார். ஆதிகேசவன் இல்லை இல்லை என்று நிம்மதியாகச் சொல்லிக்கொண்டு வந்தார், எல்லாமே உண்மை. “மாடி ஏறும்போது இல்லைன்னு போட்டிருக்கீங்க?” என்று டாக்டர் கேட்டபோதும் அதே வேகத்தில் இல்ல சார் என்று வந்துவிட்டது.

“கடைசியா பீரியட்ஸ் எப்ப?”

ஆதிகேசவன் படுக்கையிலிருந்து எழுந்து நின்றுவிட்டார்.

“சார்?”

“தப்பா நினைக்காதீங்க. மாத்திரை எழுதறதுக்கு முன்னாடி கேட்டாகணும். கர்ப்பமா இருக்க வாய்ப்பு உண்டா?”

“சார், அதுக்கு இன்னும் கல்யாணமே ஆவல சார்.”

“சரிங்க. கேட்டுச் சொல்லுங்க.”

“கேட்டு சொல்றேன் சார்” என்றார். அந்தப் பதற்றத்தில் அடிவயிற்றிலிருந்து கிளம்பிய ஏப்பம் ஒன்று எந்தத் தடையுமின்றி போனுக்குள் இறங்கியது. நீளமான ஏப்பம்.

“அது யாரு?” என்றார் டாக்டர்.

“நான்தான் சார்.”

“உங்களுக்கும் இருக்கா?”

“லேசா கீது சார். வூட்டுக்கே கீது.”

“உங்க வயசு என்ன?”

“அம்பத்தாறு.” பதில் சொல்வதற்கு முன்னால் கொஞ்சம் யோசித்திருந்தால் இதையும் மாற்றிச் சொல்லியிருப்பார்.

டாக்டர் நிதானமாகச் சொன்னார்: “உங்க பொண்ணைப் பத்திக் கவலையே படாதீங்க. இந்த வயசுல, நீங்க சொன்ன மாதிரி எரிச்சல்னா, அது இரைப்பை அமிலம்தான். மாத்திரை தரேன், டீயைக் குறைக்கச் சொல்லுங்க. ஆனா ஒண்ணு. அந்த மாத்திரையை நீங்க பங்கு போட்டுக்காதீங்க. அம்பது தாண்டின ஆம்பளைக்கு நெஞ்சு எரியுதுன்னா நான் போன்ல மருந்து சொல்லவே மாட்டேன். முதல்ல ஈசிஜி. மாடி ஏறும்போது வந்து, நின்னா அடங்குதுன்னா அன்னைக்கே, அப்பவே. உங்களுக்கு அப்படி ஏதாவது இருக்கா?”

“சேச்சே. அதெல்லாம் இல்ல சார்.”

மூன்றாம் முறை. போனை வைத்ததும் சீட்டு வந்து விழுந்தது. பேன்டோபிரசோல், நாற்பது மில்லிகிராம், காலையில் வெறும் வயிற்றில் ஒன்று, பதினான்கு நாள். தலைப் பக்கம் உயர்த்திப் படுக்கவும். இறுக்கமான உடைகளைத் தவிர்க்கவும். கீழே டாக்டரின் கையெழுத்து, பதிவு எண்.

கவலையே படாதீங்க என்று ஒரு டாக்டர் வாயால் கேட்க ஐந்து வாரம் ஏங்கியிருந்தார். இப்போது கேட்டாகிவிட்டது. என்ன, அந்த ஆறுதல் அக்ஷயாவுக்கு உரியது. அவருக்கென்று டாக்டர் சொன்னது வேறு. இரண்டும் ஒரே போன் பேச்சில் வந்திருந்தன. எதை எடுத்துக்கொள்வது என்பது கேட்டவர் பொறுப்பு. ஆதிகேசவன் முதலாவதை எடுத்துக்கொண்டார். இரண்டாவது, கூப்பிடாமல் கூடவே ரயிலேறி வந்தது.

புத்தூரில் மருந்துக்கடை வைத்திருந்த கமலக்கண்ணன், கிருஷ்ணம்மாவின் சித்தப்பா மகன். அவனிடம் இந்தச் சீட்டைக் காட்ட முடியுமா? அக்ஷயாவின் பெயர், வயிற்றுக் கோளாறு, கர்ப்பம் கேட்டுச் சொல்வதாகத் தெரிவித்துள்ளார். பாசஞ்சர் ரயில் ரேணிகுண்டாவுக்கு எடுத்துக்கொள்ளும் நேரத்துக்குள் செய்தி நகரிக்குப் போய்விடும். போனைச் சட்டைப்பைக்குள் ஆழமாகத் தள்ளிக்கொண்டு, மருந்தின் பெயரை வாயால் சொன்னார்.

“யாருக்கு மாமா?”

“லாட்ஜுல ஒர்த்தருக்கு.”

“எத்தினி அட்டை?” என்று கேட்டு, கமலக்கண்ணன் தூக்கிப் போட்டுவிட்டான். சீட்டு எங்கே என்ற பேச்சே இல்லை. இப்படிக் கிடைக்கும் என்பது ஆதிகேசவனுக்கு எப்போதும் தெரியும். அவருக்கு வேண்டியிருந்தது மாத்திரை அல்ல, சீட்டு. தன்னைப்போல் சோடா வாங்கிக் கொடுப்பவன் சொல்லாமல், படித்தவன் ஒருவன் கையெழுத்துப் போட்டு இது வயிறுதான் என்று சொல்லும் சீட்டு. அது இப்போது பையில் இருந்தது; யாரிடமும் காட்ட முடியாமல் இருந்தது.

மாத்திரை வேலை செய்தது. வினை அங்கேதான் வந்தது.

நான்காம் நாள் புளித்த ஏப்பம் நின்றது. ஐந்தாம் நாள் துணிந்து இரண்டு பஜ்ஜி தின்று பார்த்தார், ஒன்றும் செய்யவில்லை. தலையணை இரண்டு வைத்துப் படுத்தார், நன்றாகத் தூங்கினார். “இன்னா, மொகம் தெளிவாக் கீது?” என்றாள் கிருஷ்ணம்மா. ஆறாம் நாள், திங்கட்கிழமை காலை, வயிறு லேசாக, தொண்டை சுத்தமாக, மடித்த பெட்ஷீட் கட்டைத் தோளில் போட்டுக்கொண்டு மாடி ஏறினார். இரண்டாவது மாடி ஜன்னலுக்கு வந்ததும் எரிந்தது.

புளிப்பில்லை. ஏப்பமில்லை. நெஞ்சின் நடுவில் மட்டும், இடது தோளுக்குக் கொஞ்சம் பரவி, ஒரு கனம். இதுவரை இரண்டு எரிச்சல்கள் ஒன்றின்மேல் ஒன்று உட்கார்ந்திருந்தன. மேலே இருந்ததை மாத்திரை எழுப்பி அனுப்பிவிட்டது. கீழே இருந்தது எழுந்திருக்கவில்லை. மாத்திரை இன்னும் எட்டு நாளைக்கு இருந்தது, ஆனால் அது எந்தக் கேள்விக்கான பதில் என்பது இப்போது அவருக்குத் தெரிந்துவிட்டது.

ஜன்னலில் நிற்கவில்லை. படியிலேயே உட்கார்ந்தார். நெற்றியும் கழுத்தும் நனைந்துவிட்டன.

மேலிருந்து இறங்கிய பாப்பாத்தி துடைப்பத்தைப் போட்டுவிட்டு ஓடிவந்தாள். “இன்னாச்சு மேஸ்திரி? கேஸா? கேஸுதான். கார்த்தால இன்னா துன்னீங்க? இருங்க, தோ வந்துட்டேன்.” அவர் எதுவும் சொல்வதற்குள் படியிறங்கிப் போனாள். திரும்பி வந்தபோது கையில் எலுமிச்சை சோடா இருந்தது. உடைத்தே கொண்டுவந்திருந்தாள். “குடிங்க. ஒரு ஏப்பம் வந்துச்சுன்னா சரியாப் பூடும்.”

பாட்டிலை வாங்கிக்கொண்டார். வெளியில் ஈரமாக, சில்லென்றிருந்தது. உள்ளே குமிழிகள் ஒன்றன்பின் ஒன்றாக மேலே வந்தன. அண்ணன் இதைக் குடிக்கும்போது தொண்டை ஏறி இறங்கியதும், குடித்துவிட்டு நன்றி சொல்வதுபோல் இவரைப் பார்த்துத் தலையசைத்ததும் ஞாபகம் வந்தது.

போன் அடித்தது. அக்ஷயா.

“நைனா, எனக்கு நெஞ்செரிச்சல் எப்பிடிக் கீதுன்னு கேட்டு மெயில் வந்துகீது.”

ஆதிகேசவன் பாட்டிலைப் படியில் வைத்தார்.

“ஓடிபி உன்கிட்டதான வரும்? உனக்கா, அம்மாவுக்கா?”

“எனக்குத்தான்.”

“சீட்டையும் அனுப்பியிருக்கான். எட்டு டீயாமே நான்.” சிரிக்கப் பார்த்தாள், வரவில்லை. “மாடி ஏறும்போது இல்லைன்னு போட்டிருக்க. நெசமா?”

அவர் பெட்ஷீட் ஓரத்தால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார்.

“நைனா, இப்ப எங்க கீற?”

“மாடிப்படில.”

“இன்னா பண்ணிகினு கீற?”

“குந்திகினு கீறேன்.”

பாப்பாத்தி பாட்டிலைக் காட்டிக் குடிக்கச் சொல்லி ஜாடை செய்துகொண்டிருந்தாள்.

“பெரியப்பாவுக்கு நான்தான்மா கேஸுன்னு சொன்னேன்” என்றார் ஆதிகேசவன். மூன்று வருஷத்தில் முதல் தடவையாக அது வாயைவிட்டு வெளியே வந்தது. பெரிய ஏப்பம் விட்ட மாதிரி நிம்மதியெல்லாம் வரவில்லை.

“நீ மட்டுமா சொன்ன? எல்லாருந்தான் சொன்னோம். அவரு ஏப்பம் வுட்டதும் மொதல்ல சிரிச்சது நானு.” அவள் குரல் உடைந்து, திரும்பச் சேர்ந்தது. “நீ அங்கேயே இரு, நான் கெளம்பி வரேன்.”

“நீ வர்றதுக்கு ரெண்டு மணி நேரம் ஆவும்” என்றார் அவர். சொல்லும்போதே அவருக்கு ஆட்டோவும் நகரியும் அந்த ஒரு மணி நேரமும் கண்ணில் வந்தன. “நான் போறேன். நீ நேரா ஆஸ்பத்திரிக்கு வந்துடு.”

சோடாவைப் பாப்பாத்தியிடம் திருப்பிக் கொடுத்தார். “இது எனக்கு வேணாம். நீ குடி.”

“அப்போ கேஸு இல்லியா?”

“இல்லன்னு நெனைக்கிறேன்.”

அவள் முகம் மாறியது. “லிஃப்ட்ல எறங்கலாம் வாங்க.”

“போர்டு போட்டுகீது இல்ல?”

“போர்டு எழுதனவரே நீங்கதான?”

“அதனாலதான்” என்று சொல்லிவிட்டு அவர் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு ஒவ்வொரு படியாக இறங்கினார். இத்தனை பயத்திலும் ஒழுங்கு தவறவில்லை. அல்லது ஒழுங்கைப் பிடித்துக்கொண்டால் பயம் நிற்கும் என்று நினைத்தாரோ என்னவோ. 402-க்கு பெட்ஷீட் யார் மாற்றுவது என்று வாசலில் கேட்டார். “பெட்ஷீட் எங்கயும் ஓடிப்பூடாது, மொதல்ல ஏறுங்க” என்று பாப்பாத்தி அவரை ஆட்டோவுக்குள் தள்ளி, தானும் ஏறிக்கொண்டாள். வழி முழுக்க அந்த சோடா பாட்டிலைக் கையில் பிடித்தபடியே வந்தாள். குடிக்கவுமில்லை, கொட்டவுமில்லை.

திருப்பதியில் அது பெரிய ஆஸ்பத்திரி. சீட்டுப் பதியும் இடத்தில் கண்ணாடிக்குப் பின்னால் இருந்த பெண் தெலுங்கில் போன் நம்பர் கேட்டாள். சொன்னார். அவள் திரையைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள், மீசையைப் பார்த்தாள்.

“பொன்னியம்மா மீரேனா?” நீங்கள்தானா பொன்னியம்மா?

அண்ணியின் கண் ஆபரேஷன். அந்த நம்பரில் அவர் இங்கேயும் வேறு யாரோதான். சரியென்று தலையாட்டிவிட்டால் ஒரு நிமிஷத்தில் வேலை முடிந்துவிடும், வேண்டிய விவரமெல்லாம் உள்ளே இருக்கிறது, வயதுகூட இந்தத் தடவை பக்கத்தில்தான் வருகிறது.

“காதம்மா. கொத்தகா ராயண்டி” என்றார். இல்லையம்மா, புதிதாக எழுதுங்கள். பெயரைச் சொன்னார். வயதைச் சொன்னார். நெஞ்சில் எரிச்சல் என்றார். அவள் தட்டிக்கொண்டே கேட்டாள்: “மெட்லு எக்கேட்டப்புடு வஸ்துந்தா?”

மாடி ஏறும்போது வருகிறதா. தமிழில் மூன்று தடவை பொய் சொன்ன கேள்வி தெலுங்கில் வந்திருந்தது.

“வஸ்துந்தி” என்றார். வரும். “நின்னா அடங்கும். ஆறு வாரமா.”

அவள் தட்டுவதை நிறுத்திவிட்டு உள்ளே பார்த்து யாரையோ கூப்பிட்டாள். அதற்குப் பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. சட்டையைக் கழற்றச் சொன்னார்கள். ஜில்லென்று எதையோ தடவி வயர்களை ஒட்டினார்கள். இத்தனை நாள் அவர் பயந்த அந்த வயர்கள் வலிக்கவில்லை, கூசியது. நீளமான காகிதம் ஒன்று வந்தது. அதைப் பார்த்த இளம் டாக்டர் வீட்டில் வேறு யாருக்காவது நெஞ்சு நோய் உண்டா என்று கேட்டார்.

“அண்ணனுக்கு. வயசு அம்பத்தெட்டு. கேஸுன்னு நெனைச்சு சோடா குடுத்துட்டோம் சார்.” கொடுத்துட்டேன் என்று திருத்திச் சொல்லப் பார்த்தார். டாக்டர் அதற்குள் எழுதி முடித்துவிட்டார்.

“இன்னும் பெருசா ஒண்ணும் ஆகல. ஆகறதுக்கு முன்னாடி வந்திருக்கீங்க, அவ்வளவுதான் சொல்லலாம்” என்றார் டாக்டர். “இன்னைக்கு வீட்டுக்குப் போகக் கூடாது. மேல ரெண்டாவது மாடில பெட் இருக்கு.”

ஆதிகேசவன் பழக்கத்தில் படிக்கட்டு எங்கே என்று பார்த்தார். வெளியே பெஞ்சில் சோடா பாட்டிலோடு உட்கார்ந்திருந்த பாப்பாத்தி எழுந்து வந்தாள். ஆஸ்பத்திரி லிஃப்டிலும் ஒரு பலகை இருந்தது. அதில் என்ன எழுதியிருந்தது என்று அவர் படிக்கவில்லை.

லிஃப்டில் ஏறி இரண்டாவது மாடிக்குப் போய், ஆதிகேசவன், ஐம்பத்தாறு, ஆண் என்று சொல்லிப் படுத்துக்கொண்டார்.